உடைத்துவிட்ட விதைக்கடலை

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒன்றையும் பசியோடு படுக்கவிட்டதில்லை. இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், தப்பிருந்தால் இருக்கட்டும்.

சொல்ல வந்தது என் ஓரகத்தியைப் பற்றி. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் மனைவி, எனக்கு அக்கா. பொன்னமராவதிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் அவள் நிலத்துக்கும் என் நிலத்துக்கும் நடுவே ஒரு வரப்புதான். விதைக்கடலை உடைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பல்லில் வைத்து உடைக்க விடமாட்டாள். எச்சில் பட்டது மண்ணுக்கு ஆகாது என்பாள். நகம் பிளந்து ரத்தம் கசிந்தால் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் உட்காருவாள். உடைத்த பருப்பு வெக்கையில் காறிப்போகும், அப்புறம் முளைக்காது. அதனால் மழை விழுந்த பிறகுதான் உடைப்போம். ஊரைச் சுற்றித் தைலமரம் வந்தபின் விழுந்த ஈரம் மறுநாளே காய்ந்துவிடுகிறது. உடைக்க ஏது நேரம்?

போன ஆடிக்கு முந்தின ஆடியில் அவள் மகன் சொல்லிவிட்டான்: "இந்தத் தடவயும் வெதப்பு தவறுச்சுன்னா தைலங்கன்னு வச்சிருவேன் ஆத்தா. அப்பறம் அழுகக் கூடாது."

மேற்கே கறுத்ததுமே மூட்டையை அவிழ்த்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு.

"விருந்தாளி வருமுன்னயே எலயப் போட்டுட்டீங்களே அக்கா, வராட்டி?"

"நீ வாயாலயே வெதைக்கிறவ. இங்கிட்டு வந்து ஒக்காருடி. டிராக்டர்காரன் நமக்காகக் காத்துக் கெடப்பானா?"

நானும் உட்கார்ந்தேன். மூட்டை முழுக்க உடைத்து முடித்தோம். மேகம் எங்களைத் தாண்டி நார்த்தாமலைப் பக்கம் போய்க் கொட்டியது. இங்கே ஒரு சொட்டு இல்லை. பருப்பை நிழலில் பரப்பி, புரட்டி, முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மழை வந்தபோது காறல் வாடை ஏறியிருந்தது. தெரிந்தேதான் விதைத்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. மகன் ஒரு வார்த்தை ஏசவில்லை; அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. லாரியில் தைலங்கன்று வந்து இறங்கியபோது அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றாள். அந்தத் தை பிறக்குமுன் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்த மரங்கள் இன்று என் தலைக்கு மேலே நிற்கின்றன. வேர் வரப்பைப் பார்த்தா நிற்கும்? என் பக்கம் விதைத்ததெல்லாம் கருகுகிறது. நாளைக்கு எங்கள் நிலத்துக்கும் கன்று வருகிறது. என் மகனைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

பேத்தியைக் கூப்பிட்டேன்.

"இந்தா தாயி, எழுதுனத வாசி. சத்தமா வாசி. ஒங்கப்பன் அங்கிட்டு ஒக்காந்து குழி அளக்கக் கயித்துல முடிச்சுப் போட்டுக்கிட்டிருக்கான், கேக்கட்டும். கேட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல. நீ வாசி."