பாலத்துக் கல்லின் வயது

லாஸ் தாபியாஸ் ஊரில் எலோய்சாவைப் பள்ளிக்கூடத்துக்குள் 'டீச்சர்' என்பார்கள். கேட்டைத் தாண்டிவிட்டால் 'பீன்ஸ் பானை'. பெரும்பாலும் அவள் முதுகைத் திருப்பிய பிறகுதான் சொல்வார்கள். அதுவரை பொறுக்காதவர்களும் உண்டு.

"என்ன பீன்ஸ் பானை, காருக்கு டீசலா பெட்ரோலா?" என்று பெட்ரோல் பங்கில் எஃப்ரேன் கேட்பான். இருபது வயதுப் பையன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்றே அவனுக்குத் தெரியாது. எலோய்சா பெட்ரோல் போட்டுக்கொண்டு போவாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே ஒரு ஆளை நினைத்துக்கொண்டு போவாள். அந்த ஆள் எஃப்ரேன் இல்லை.

அந்த ஆளின் பெயர் ஹார்லன் வைகண்ட். பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியர். எலோய்சா அவருடைய மாணவியாக இருந்தவள். ஆடு மேய்க்கும் லிப்ராதோவின் மகள். அந்தக் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். ஊருக்கு மேற்கே மைல்கணக்கில் கறுப்பாக உறைந்து கிடக்கும் எல் திஸ்னாதோ லாவாவின் வயதைக் கண்டுபிடிக்க வைகண்ட் ஒரு கோடையில் வந்தபோது, வழி தெரிந்தவள் என்று அவளையும் கூட வைத்துக்கொண்டார்.

லாவா ஓடிவந்து படுத்தபோது அடியில் மாட்டிக்கொண்ட செடிகொடிகளின் வேர் கரியாகியிருக்கும். அந்தக் கரி கிடைத்தால் அதன் வயதுதான் லாவாவின் வயது. லாவாவின் விளிம்பு உதடு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரிடத்தில், கொஞ்சம் தோண்டியதுமே கரி தட்டுப்பட்டது. வைகண்டுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"சார், இங்க வேணாம்," என்றாள் எலோய்சா. "காத்து அடிச்சா எங்க ஆளுங்க இந்த மாதிரி உதட்டுக்கு அடியிலதான் அடுப்பு மூட்டுவாங்க. செத்த ஜூனிபர் மரத்துக் கட்டையைப் போட்டு எரிப்பாங்க. அந்தக் கட்டை இந்த வெயில்ல பல நூறு வருஷம் மக்காமக் கிடக்கும். கரியோட வயசு ஏமாத்திடும். இன்னும் உள்ள, கல்லு நேரா மண்ணு மேல உக்காந்திருக்கிற இடமாப் பாத்துத் தோண்டணும்."

"உள்ள போக ஒரு வாரம் ஆகும். நீ தோண்டுறியா?"

"தோண்டறேன் சார்."

அவர் சிரித்தார். கரியைப் பையில் போட்டுக் கட்டினார்.

எழுநூறு வருஷம் என்று வந்தது. மனிதர்கள் கண்ணால் பார்த்த எரிமலை என்று பத்திரிகைகளில் அவர் படம் வந்தது. சில வருஷம் கழித்து வேறொரு குழு லாவாவின் வடக்கு ஓரத்தில் ஆழமாகத் தோண்டி, மூவாயிரத்துச் சொச்சம் என்றது. வைகண்ட் அசரவில்லை. மாநாட்டு மேடையில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கரியை எடுத்துக் கொடுத்தது ஒரு உள்ளூர்ப் பொண்ணு. அவங்க அப்பா பீன்ஸ் வேகவெச்ச அடுப்புக்குத்தான் நாம வயசு பாத்திருக்கோம் போல." அரங்கமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் எலோய்சா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மேல்படிப்பு அந்தச் சிரிப்போடு முடிந்தது. செய்தி ஊருக்கு அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

அப்பாவுக்குத்தான் அது ஆறவே இல்லை. "நான் பீன்ஸ் வேகவெச்சதாலயாம்மா உன் படிப்பு போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இல்லையென்று அவள் எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை. அதற்குப் பிறகு ஆட்டோடு போன இடத்தில் அவர் அடுப்பே மூட்டவில்லை. ஆறிப்போன தோர்த்தியா ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தார். அப்படியே செத்தும் போனார்.

அந்த ஆள் ஒருநாள், நாலு பேர் முன்னால், 'அந்தக் கரியைத் தேர்ந்தெடுத்தது நான்தான்' என்று சொல்ல வேண்டும். எலோய்சாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கூட வேலை என்று வாழ்க்கை அதுபாட்டுக்கு நடந்தது. அது மட்டும் உள்ளே அணையாமல் கிடந்தது.

இருபத்தைந்து வருஷம் போன பிறகு, அவளுடைய சித்தப்பா மகன் நெஸ்தோர் ஒரு மத்தியானம் வந்தான். லாவாவை ஒட்டிய மேய்ச்சல் நிலம் அவனுடையது.

"அக்கா, யாரோ ஒரு கிழவர் போன் பண்ணினார். லாவாவுக்குப் போகணுமாம், கேட் சாவி வேணுமாம். பேரு என்னமோ வைகண்டு."

எலோய்சா சுட்டு உரித்துக்கொண்டிருந்த மிளகாயைக் கீழே வைத்தாள். "சாவியை எங்கிட்ட குடு. நானே தொறந்து விடறேன்."

"அந்த ஆளா அக்கா?"

"சாவியைக் குடுடா."

வைகண்ட் கைத்தடியோடு வண்டியிலிருந்து இறங்கினார். ஒரு முழங்கால் மடங்கவில்லை. கல்லுடைக்கும் சாமான்களோடு இரண்டு மாணவர்கள் வந்திருந்தார்கள். அவர் அவளை உற்றுப் பார்த்தார். பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அட, பீன்ஸ்! இன்னும் இங்கதான் இருக்கியா?"

"வேற எங்க சார் போறது."

"இப்ப கரியெல்லாம் வேண்டாம், தெரியுமா? வானத்துலேர்ந்து விண்கதிர் விழுந்துக்கிட்டே இருக்கு. அது பட்டுப் பட்டுக் கல்லோட மேல்பரப்புல புது அணுக்கள் சேரும். எவ்வளவு சேந்திருக்குன்னு பாத்தா, கல்லு எவ்வளவு காலமா வானத்தப் பாத்துக் கிடக்குன்னு சொல்லிடலாம். யாரோட அடுப்பையும் நம்ப வேண்டியதில்ல."

மாணவர்கள் சிரித்தார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது. அவள் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அந்த லாவாவில் நினைத்தபடி நடந்துவிட முடியாது. ஆள் ஆழத்துக்கு வெடிப்புகள். கண்ணாடிபோல் காலைக் கிழிக்கும் முனைகள். நடக்கத் தோதான வழி ஒன்றே ஒன்று: ஆட்டுப் பாதை. மடங்காத முழங்காலோடு வைகண்ட் அதில்தான் வந்தார். பாதையின் நடுவில் அகலமான ஒரு வெடிப்பு வரும். அங்கே வெடிப்பு இருப்பது புது ஆளுக்குத் தெரியாது. எலோய்சாவின் கொள்ளுத்தாத்தா குரூஸ் அதைக் கல்லால் அடைத்துப் பாலமாக்கியிருந்தார். எல்லா வெடிப்பையும் அப்படித்தான் ஊர்க்காரர்கள் அடைத்தார்கள். சுற்றிப் போகும் வழக்கமே அவர்களிடம் இல்லை. பாலத்தின் மேல்வரிசைக்கு வெளியில் கிடக்கும் கல் ஆகாது. ஆட்டின் குளம்பை வெட்டிவிடும். பக்கத்துக் குகையின் தரையில் லாவா கடைசியாக ஓடி, கயிற்றை முறுக்கிப் போட்டதுபோல் வழவழப்பாக உறைந்திருக்கிறது. அந்தப் பலகைகளைப் பெயர்த்துவந்து, முறுக்கு மேலே தெரிய, குளம்பு வழுக்காமல் பரப்புவார்கள். நூறு வருஷப் புழுதியும் பாசியும் ஏறி, அவை பிறந்ததிலிருந்தே அங்கே கிடப்பவைபோல் ஆகிவிட்டிருந்தன.

வைகண்ட் சரியாகப் பாலத்தின் மேல் நின்றார். "இதோ! இதவிட அழகான மேல்பரப்பு கிடைக்குமா?"

எலோய்சாவுக்குக் கணக்கு உடனே தெரிந்தது. இந்தப் பலகைகள் கிடந்த குகையின் கூரை ஒரு முழம்தான் கனம். அந்தக் கூரை கதிரில் பாதியை மறைத்திருக்கும். அப்படியானால் கல் சொல்லும் வயதும் பாதிதான். ஒரு வார்த்தை போதும். வாய் வரைக்கும் வந்தது.

அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு பலமுறை தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது நிஜம்தானா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

உளி வைத்த இரண்டாவது அடியிலேயே ஒரு பலகை முழுதாகக் கழன்று வந்தது. "எவ்வளவு சுலபமா வருது பாரு!" என்றார்.

"எங்க ஊர்க் கல்லு அப்படித்தான் சார்," என்றாள். அவர் உளி வைத்த இடத்தில் புழுதி அடங்கத் தண்ணீர் ஊற்றினாள். அவர் குடிக்கவும் ஊற்றிக் கொடுத்தாள். எல்லாக் கல்லையும் அவர் அந்தப் பாலத்திலிருந்தே எடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் டார்ச்சோடு குகைக்குள் போனாள். குரூஸ் பெயர்த்த இடங்கள் பல் விழுந்த ஈறுபோல் தெரிந்தன. ஒரு குழியின் ஓரத்தில், பலகையோடு வராமல் உடைந்து நின்ற மூலைத்துண்டு ஒன்று இருந்தது. வைகண்ட் தூக்கிக்கொண்டு போன பலகையில் ஒரு மூலை இல்லாததை அவள் அன்றே பார்த்திருந்தாள். துண்டைத் துணியில் சுற்றி எடுத்துவந்து மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். மாவு எடுக்கும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

அடுத்த இலையுதிர் காலத்தில், முடிவைச் சொல்ல வைகண்ட் வந்தார்; ஊர்மண்டபத்தில் கூட்டம். போஸோலே சூப் கொதிக்கும் வாசனை தெருவரைக்கும் வந்தது. மேடை மேஜைமேல் பாதியாக அறுத்த அந்தப் பலகை. மூலை இல்லாத பாதி. பள்ளிக்கூடத்துக்கு அன்பளிப்பாம்.

"ஆயிரத்து எழுநூறு வருஷம்," என்றார் வைகண்ட். "மூவாயிரம்னு சொன்னவங்க எடுத்த கரி, செத்துப் பல நூறு வருஷம் கிடந்த கட்டையோடது. வயசக் கூட்டிக் காட்டியிருக்கு. நான் அன்னிக்கே சொன்னேன், இந்த லாவா இளசுன்னு."

அவள் சொன்ன வாதம். அவள் வார்த்தைகளே. எலோய்சா எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து மேடைக்குப் போனாள். துணியைப் பிரித்தாள். மூலைத்துண்டைப் பலகையோடு சேர்த்து வைத்தாள். கல்லின் முறுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இழை தப்பாமல் ஓடின.

"இந்தத் துண்டு குகைத் தரையில இருந்தது," என்றாள். "இந்தக் கல்லுங்க எங்க கொள்ளுத்தாத்தா போட்ட பாலம். அதுக்கு முன்னாடி கூரைக்கு அடியில கிடந்தது. பாதி வானந்தான் சார் பாத்திருக்கு."

வைகண்ட் துண்டைத் தூக்கினார். திரும்ப வைத்துப் பார்த்தார். முகம் சாம்பலாகியது. இருபத்தைந்து வருஷமாக அவள் பார்க்க நினைத்த முகம் அது. அவள் நன்றாகப் பார்த்தாள்.

"நான் வெட்டும்போது நீ கூட நின்னியே," என்றார் மெதுவாக. "தண்ணி ஊத்தினியே. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"அன்னிக்கு, அந்த உதட்டுக்கு அடியில, சொன்னேன் சார். என்ன ஆச்சு?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார். "அன்னிக்கு இவ சொன்னதா எனக்கு ஞாபகமில்ல," என்றார். கைத்தடியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். கல்லை எடுக்கவில்லை.

நெஸ்தோர் மட்டும் கைதட்டினான். வேறு யாரும் தட்டாததால் பாதியில் நிறுத்தினான்.

வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த எலோய்சாவுக்கு, போஸோலே கிண்ணத்தோடு நின்ற ஊர்க்காரி கசில்தாவின் குரல் தெளிவாகவே கேட்டது. "பாலத்துல வாயத் தொறக்காம நின்னு பாத்தவ, அன்னிக்கு மட்டும் சொல்லியிருப்பாளாக்கும்? பாவம் அந்த மனுஷன். பீன்ஸ் பானை கெட்டிக்காரிதான் போ."

எலோய்சா பட்டன்களைக் கடைசிவரை போட்டாள். உள்ளே திரும்பிப் போய் ஏதாவது சொல்லலாம். எதைச் சொன்னாலும் இனி எடுபடாது என்று தெரிந்தது. அவளிடம் மிச்சமிருந்த ஒரே சாட்சி அவள் வாய்தான். அதையும் அவளே அந்தப் பாலத்தில் செலவழித்துவிட்டாள். அப்பாவின் அடுப்பு மேல் விழுந்த பழி அப்படியே இருக்கும். ஆனாலும் அந்தச் சாம்பல் முகம் கண்ணில் நின்றது. அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசில்லை.

மறுநாள் காலை நெஸ்தோரைக் கூட்டிக்கொண்டு குகைக்குப் போனாள். ஆடுகள் பாலத்தின் ஓட்டைகளில் கால் விட்டுக்கொண்டிருந்தன. இருவரும் கடப்பாரையால் புதுப் பலகைகளைப் பெயர்த்துத் தூக்கிவந்தார்கள். அவள் முறுக்கு மேலே தெரிய ஒவ்வொன்றாகப் பதித்து, இடுக்கில் புழுதியைத் தள்ளி, காலால் அழுத்தினாள்.

"அக்கா, ஒரு உளிக்கோடாவது போட்டு வெச்சிடலாமா?" என்றான் நெஸ்தோர். "நாளைக்கு வேற யாராவது வந்து இதையே வெட்டி எடுத்துட்டுப் போகப் போறான்."

அவள் கடைசிப் பலகையின்மேல் ஏறி நின்று, ஆடுகிறதா என்று பார்த்தாள். ஆடவில்லை.

"கோடெல்லாம் வேணாம். வந்தா கேக்கட்டும். என் வீடு ரோட்டு மேலதான இருக்கு."