இந்தப் பிள்ளைக்கு நீங்கள் யார்?

மொன்றியலில் நான் வேலை செய்யும் கார்டெரியில் எனக்குப் பொல்லாதவள் என்று பெயர். கார்டெரி என்றால் பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். பின்னேரம் யார் யார் பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பட்டியல் உண்டு. பெயர் இருந்தால் பிள்ளை கிடைக்கும். இல்லையென்றால் கடவுளே வந்தாலும் வாசலில் நிற்கவேண்டியதுதான்.

ஒரு தை மாதம், மூக்கு விறைக்கும் குளிரில் ஒருவர் வந்தார். அவரைக் கண்டதும் மூன்று வயதுப் பிள்ளை ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டது. பட்டியலில் அவர் பெயர் இல்லை. “இந்தப் பிள்ளைக்கு நீங்கள் யார்?” என்று கேட்டேன். தாயின் தம்பி என்றார். அதைத் தாய் எழுதித் தரவில்லையே என்று சொல்லி, பிள்ளையின் கையைப் பிரித்தெடுத்து உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். தாய் வரும்வரை முக்கால் மணித்தியாலம் அந்த மனிதர் பனிக்குள் நின்றார். எனக்கு அன்று நல்ல நித்திரை.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். அது எனக்காகவே சொல்லி வைத்த வார்த்தை என்று போன பங்குனியில் தெரிந்துகொண்டேன்.

என் தங்கைக்கு ஒரே மகள், பதினொரு வயது. நான் கல்யாணம் கட்டவில்லை. தங்கைக்கு மொன்றியலை அடுத்த லவாலில் ஒரு கேக் தொழிற்சாலையில் பின்னேர வேலை. அவள் கணவர் பாரவண்டி ஓட்டுபவர், மேற்கே போனால் திரும்பிவரப் பத்து நாளாகும். அதனால் பிள்ளை தவழ்ந்த காலத்திலிருந்தே கிழமையில் பாதி நாள் என் வீட்டில்தான். எங்கள் கார்டெரியில்தான் வளர்ந்தாள். முதல் பல் விழுந்தது என் சமையலறையில். எங்கள் ஆட்களிடம் அவளை “என்ரை மகள்” என்றுதான் சொல்வேன், ஒருவரும் திருத்தமாட்டார்கள். தாயின் அக்கா பெரியம்மா, பெரியம்மாவுக்குத் தங்கையின் பிள்ளை மகள்தான். இதற்கு எங்களிடம் யார் காகிதம் கேட்டது?

பங்குனியில் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கிழமை லீவு விடும்போது மொன்றியலில் பாதிச் சனம் வெயில் தேடித் தெற்கே பறந்துவிடும். நான் ஒருநாளும் போனதில்லை. எனக்கு ஐம்பது வயதானபோது, செத்தால் பனிக்குள்தான் புதைப்பார்கள், அதற்கு முன் ஒருதரம் நல்ல ஹோட்டலில் படுத்தெழும்புவோம் என்று முடிவு செய்தேன். எங்கள் கார்டெரியில் சமைப்பவள் கொலம்பியாக்காரி. தன்னுடைய கார்தஹேனா நகரத்துக் கடலைப் பற்றிக் கதைக்காமல் அவளால் ஒரு கரட் வெட்ட முடியாது. அவள் சொன்ன ஹோட்டலையே எனக்கும் பிள்ளைக்குமாகப் பதிவு செய்தேன். “பிள்ளையின் பேப்பர்களை மறக்காதே” என்றாள். “பாஸ்போர்ட் இருக்கிறது” என்றேன். உலகத்தையே பேப்பர் கேட்டு மறிக்கிற நான், எந்தப் பேப்பர் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை.

ஹோட்டல் வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கார்க் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே கால் வைக்கவே கூச்சமாக இருந்தது, தரையில் முகம் தெரிந்தது. முகம் துடைக்கக் குளிர்ந்த ஈரத்துவாய் தந்தார்கள். தேங்காய்ப்பால் விட்ட எலுமிச்சைத் தண்ணீர் தந்தார்கள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் கண்ணாடி, அதற்கு அப்பால் நீச்சல் குளம், அதற்கும் அப்பால் கடல். பிள்ளை என் கையைப் பிடித்துத் துள்ளினாள். “பெரியம்மா, இது முழுக்க எங்களுக்கோ?” என்றாள். “ஓம், ஒரு கிழமைக்கு நாங்கள்தான் ராணியள்” என்றேன்.

மேசையில் இருந்த இளம்பெண் என் மணிக்கட்டில் விருந்தாளிகளுக்கான மஞ்சள் பட்டி ஒன்றைக் கட்டினாள். பிள்ளைக்கு நீலப் பட்டியை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு பாஸ்போர்ட்டையும் பார்த்தாள். “மகளா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். “ஓம், மகள்” என்றேன். மூச்சு விடுவதுபோல வந்துவிட்டது அந்தச் சொல்.

பிறப்புப் பத்திரம் இருக்கிறதா என்றாள். தங்கள் நாட்டில் பிள்ளைகளைத் தங்கவைக்கும் ஹோட்டல்கள் உறவைப் பார்க்கவேண்டும், அது சட்டம், சிலர் பிள்ளைகளைக் கெட்ட காரியத்துக்குக் கூட்டி வருகிறார்கள் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னாள். பிறப்புப் பத்திரம் லவாலில் தங்கையின் அலுமாரியில் இருந்தது. உண்மையைச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். “உண்மையில் இவள் என் தங்கையின் மகள்” என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. “இப்போது மகள் என்றீர்களே?”

எங்கள் வழக்கத்தில் அப்படித்தான் சொல்வோம் என்று தொடங்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்க்காரி கட்டும் கதை மாதிரித்தான் கேட்டது. தாயின் கடிதம் இருக்கிறதா? இல்லை. உங்கள் கடைசிப் பெயரும் பிள்ளையின் கடைசிப் பெயரும் ஏன் வேறு? என்னுடையது என் அப்பாவின் பெயர், அவளுடையது அவள் அப்பாவின் பெயர். நீலப் பட்டி திரும்ப மேசை லாச்சிக்குள் போனது. 

மேலாளர் வந்தார். கோட் போட்ட, அமைதியான மனிதர். கூடவே பிரெஞ்சு தெரிந்த ஒரு பெண்ணும் வந்தாள், பிள்ளையைப் பார்த்துச் சிரித்து, தன்னோடு பக்கத்து அறைக்கு வரச் சொன்னாள். பிள்ளை என்னைப் பார்த்தாள். “போ குஞ்சு, பயப்பிடாதை” என்றேன்.  அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பெரியவரிடமிருந்து பிள்ளையைப் பிரி. பிள்ளையைத் தனியாகக் கேள். பெரியவரின் முகத்தைக் கவனி. எங்கள் பயிற்சியிலும் இதைத்தான் சொல்லித் தந்தார்கள். ஒரு பிழையும் விடாமல் எல்லாவற்றையும் சரியாகச் செய்துகொண்டிருந்தார்கள். பிழை விட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.

தங்கைக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. தொழிற்சாலையில் போன்களைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள், ஆறு மணி இடைவேளைக்குத்தான் எடுப்பாள். அப்போது நேரம் நாலு. அவள் கணவருக்கு அடித்தேன், தொடர்பு இல்லை என்றது. எந்தக் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தாரோ.

அறைக் கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. அந்தப் பெண் பிரெஞ்சில் கேட்டது எனக்குக் கேட்டது. “வெளியே நிற்பவர் உன் அம்மாவா?”

“இல்லை” என்றாள் பிள்ளை. கணீரென்று, வகுப்பில் கணக்குக்கு விடை சொல்வதைப்போல. “அவர் என் அம்மா இல்லை.”

 பிள்ளை சொன்னது உண்மை, ஆனால் அதை அவள் வாயால் நான் அதுவரை கேட்டதில்லை. அதிலும் பெரிய பகிடி, அப்படிச் சொல்லப் பழக்கியதே நான்தான். நாலு வயதில் கார்டெரிக் கம்பளத்தில் மற்றப் பிள்ளைகளோடு இருத்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தேன்: உன்னோடு வந்திருப்பது யார் என்று ஒருவர் கேட்டால் உள்ளதைச் சொல்லவேண்டும், பக்கத்தில் நிற்பவருக்குக் கோபம் வந்தாலும் சொல்லவேண்டும். என் பாடத்தை இவ்வளவு ஒழுங்காகப் படித்த பிள்ளை வேறு இல்லை.

ஐந்து மணிக்குப் பொலிஸ் வந்தது. பிள்ளைகளுக்கென்றே உள்ள பொலிஸாம். சீருடை போட்ட ஒரு பெண், வயதில் என் தங்கை அளவு. மேலாளர் எனக்கு மொழிபெயர்த்தார். இன்று இரவுக்குள் தாயோடு கதைக்க முடியாவிட்டால் பிள்ளை அரசாங்கப் பராமரிப்பு இல்லத்தில் இருக்கவேண்டும், எல்லாம் தெளிவானதும் விட்டுவிடுவோம் என்றார். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சீருடைக்காரர் சொல்லிப் பிள்ளையைக் கூட்டிப்போனால் என்ன அர்த்தம் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்திக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. இது வேறு நாடு, இவர்கள் நல்லவர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் அதைக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அந்த அறைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் எழும்பினேன். எழும்பும்போதெல்லாம், இருங்கள் அம்மா என்றார்கள்.

எங்களைச் சுற்றிச் சனம் வந்துகொண்டே இருந்தது. குளிரில் வெளுத்த, எங்கள் மாகாணத்துக் கியூபெக்காரக் குடும்பங்கள், ஈரத்துவாய், தேங்காய் எலுமிச்சை, பட்டி கட்டும் சத்தம். ஒரு தாய் தன் பிள்ளைகளைக் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள்.

ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குத் தங்கை வீடியோவில் எடுத்தாள். தலையில் வலைத்தொப்பி, கன்னத்தில் மா.

“அக்கா, என்ன இத்தினை தரம் அடிச்சிருக்கிறீங்கள்? பிள்ளைக்கு என்னவும்…”

“பிள்ளை சுகம். நான் சொல்லுறதைக் கேள். பிள்ளையைக் கொண்டுபோகப் போறாங்கள். நீ உடனை வீட்டை போய் அவளின்ரை பிறப்புப் பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பு. உன்ரை பாஸ்போர்ட்டையும். என்னோடை வர உனக்குச் சம்மதம் எண்டு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வை.”

“ஆர் கொண்டுபோறது? அக்கா, ஆர்?”

பொலிஸ்காரப் பெண் போனை வாங்கி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். தங்கை அழத் தொடங்கிவிட்டாள். அழுதுகொண்டே தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடியது வரைக்கும் தெரிந்தது, பிறகு படம் நின்றுவிட்டது. அவள் வீடு போய்ச் சேர்ந்து எல்லாம் அனுப்ப முக்கால் மணித்தியாலம் ஆகியது. அந்த முக்கால் மணித்தியாலமும், பனிக்குள் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்ற அந்த மாமன்காரர்தான் என் கண்ணுக்குள் நின்றார். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை.

கடைசியில் பத்திரம் வந்தது. அதில் தாயின் பெயருக்குப் பின்னால் இருந்த எங்கள் அப்பாவின் பெயரும் என் பாஸ்போர்ட்டில் இருந்த பெயரும் ஒன்றுதான் என்று மேலாளர் விரலால் தொட்டுக் காட்டினார். தங்கை பாஸ்போர்ட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு போனில் தோன்றினாள். பிள்ளை “அம்மா!” என்று கத்தினாள். பொலிஸ்காரப் பெண் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள், மன்னிப்புப்போல இருந்தது. நீங்கள் செய்தது சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். லாச்சி திறந்தது. நீலப் பட்டியைப் பிள்ளையின் கையில் கட்டினார்கள்.

அறையில் துவாயை அன்னம் மாதிரி மடித்துக் கட்டிலில் வைத்திருந்தார்கள். பிள்ளை அதைத் தொடவில்லை.

“பெரியம்மா, நான் பிழையாச் சொல்லீட்டனோ?”

“இல்லைக் குஞ்சு. சரியாத்தான் சொன்னனீ.”

“அப்ப ஏன் அழுறீங்கள்?”

“பயந்திட்டன்” என்றேன். பாதி உண்மை. மற்றப் பாதியைப் பதினொரு வயதுப் பிள்ளையிடம் சொல்லக்கூடாது. ஆனால் அவள் என்னைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிச்ச நாட்களில் அந்த ஹோட்டலில் எல்லாம் இருந்தது. பப்பாளி, மாம்பழம், கடல், வாசனை எண்ணெய் போட்டு முதுகு பிடித்துவிடும் இடம். நான் ஒரு ஞெகிழிப் பைக்குள் அந்தப் பேப்பர்களின் பிரதியை வைத்துக்கொண்டு நீச்சல் குளத்தடியில் குந்தியிருந்தேன். காவலாளி ஒருவர் நடந்து போனாலே கை பைக்குள் போய்விடும். பிள்ளைகள் விளையாட ஒரு கூடம் இருந்தது. அதன் வாசலில் ஒரு பெண் பட்டியலோடு நின்றாள். அதைக் கண்டதும் பிள்ளையைத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டேன். ராணிகள் பட்டபாடு அப்படி.

புறப்படும் நாள் மேசைப் பெண் தங்கையின் கடிதத்தையும் பத்திரத்தையும் இன்னொருதரம் அச்செடுத்து உறையில் போட்டுத் தந்தாள். விமானம் முழுக்க உறை என் மடியில் இருந்தது. மொன்றியலில் இறங்கி, எல்லை அதிகாரியின் வரிசையில் நின்றோம். தங்கை வெளியே காத்திருப்பதாகச் செய்தி வந்தது. முதன்முறையாக நெஞ்சு கொஞ்சம் இளகியது.

அதிகாரி நல்ல முகம் உள்ள மனிதர். பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு, பிள்ளையின் நீலப் பட்டியைப் பார்த்து, விடுமுறை எப்படி என்று பிரெஞ்சில் கேட்டார். நல்லம் என்றாள். “அப்போ, இந்த மதாம் யார்?”

நான் உறையைத் திறந்துகொண்டிருந்தேன். பிள்ளை என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஒரு கிழமையாக யோசித்து வைத்திருக்கிறாள் என்று அந்தப் பிடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

“என் அம்மா” என்றாள். கணீரென்று.

பதினொரு வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அதிகாரி நிமிர்ந்தார். ஒரு பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அப்படித்தான் நானும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். 

“இல்லை” என்றேன். “நான் இவளின் அம்மா இல்லை.” உறையை மேசையில் வைத்தேன்.

பிள்ளையின் கை என் கையிலிருந்து கழன்றது. அதிகாரி கடிதத்தை வாசித்து முடிக்கும்வரை அவள் என்னைப் பார்க்கவில்லை.