வயது எழுதாத குழாய்

வேதவல்லி அக்கா போய்விட்டார் என்று அவர் மகன் தொலைபேசியில் சொன்னபோது, எங்கள் ஆய்வகத்தின் குளிர்பெட்டியில் அவருடைய இரத்தம் இன்னும் இருந்தது. முந்தாநாள் மாலை நான் எடுத்தது. குழாயின் மேல் அவரே பெயர் எழுதியிருந்தார். வயதை எழுதவில்லை.

எங்கள் ஆய்வகத்தின் மூத்த பரிசோதகர் அவர். சங்கராபுரத்தில் எங்களிடம் கை நீட்டி இரத்தம் கொடுத்தவர்கள் அவரை மறந்திருக்க மாட்டார்கள். அறுபதைத் தாண்டி வெகுநாளாகியும் எல்லோருக்கும் அக்காதான். “அம்மான்னு கூப்ட்டா ஊசிய ரெண்டு தபா குத்துவேன்” என்பார்.

மணலூர்பேட்டைப் பக்கமிருந்து ஒருமுறை ஒரு முதியவரை அவருடைய மகன் ஆட்டோவில் அழைத்துவந்தான். சாப்பாடு இறங்கவில்லை, பேச்சு குழறியது. வெள்ளையணு எண்ணிக்கை சரி என்றே இயந்திரம் காட்டியது.

“ஜுரம்கூட இல்லீங்க. வயசாய்டுச்சி, பெனாத்திக்கினு கீறாரு” என்றான் மகன்.

அக்கா ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார்.

“ஒடம்பு பிஞ்சு அணுவையெல்லாம் அனுப்பிக்கினு கீது. உள்ள எங்கியோ சீழ் இருக்கும். ஜுரம் வர்றதுக்கும் தெம்பு வேணும்யா. நேரா பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ.”

அந்த முதியவர் பிழைத்தார். பொங்கலுக்கு ஒரு கட்டுக் கரும்பு வந்தது.

முதுமையில் வெள்ளையணுக்களின் தொகை பெரிதாகக் குறைவதில்லை. காயத்தைத் தேடி அவை போய்ச்சேரத் தாமதமாகிறது; கிருமியை விழுங்கும் வலு குறைகிறது. கொதித்து எச்சரிக்க வேண்டிய உடம்பும் சும்மா இருந்துவிடுகிறது. அக்கா இதையே, “கரும்பு வெட்ட ஆளு கணக்கா வந்து நிக்கிறாங்க, கத்தி புடிக்கத்தான் கை வரல” என்பார். அதனால் வயதானவர்களுக்கு, எண்ணிக்கை எப்படி இருந்தாலும், ஸ்லைடு போட்டுப் பார்ப்பார்.

கல்வராயன் மலையில் ஒரு பரிசோதனை முகாமுக்குப் போனபோது, மூங்கில் சிம்பு செருப்பைத் துளைத்து அவர் பாதத்தில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தார். சில நாளில் கால் லேசாக வீங்கியது, சோறு இறங்கவில்லை. மருமகள் அவர் கழுத்தில் புறங்கை வைத்துப் பார்த்து ஜுரமில்லை என்றாராம். அன்று மாலைதான் என்னிடம் கையை நீட்டினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. முடிவுத் தாளைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

“ஸ்லைடு போடட்டுமா அக்கா?”

“எனுக்கு இன்னாத்துக்குடி ஸ்லைடு? நான் இன்னா கெழவியா?”

இருவரும் சிரித்தோம். பையை எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் போனார்.

மறுநாள் அவருக்குப் பேச்சு குழறியது. அதற்கடுத்த நாள் காலை, இரத்தத்தில் நஞ்சு பரவி எல்லாம் முடிந்துவிட்டது. கடைசிவரை காய்ச்சல் வரவில்லை என்று மகன் திரும்பத் திரும்பச் சொன்னார்.

தெரிந்திருந்தால் தப்பித்துவிடலாம் என்று நம்பித்தான் நான் இந்த ஆய்வகப் படிப்பைப் படித்தேன். அக்காவுக்குத் தெரியாதது எதுவுமில்லை. இப்போது எதை நம்பி அந்த நுண்ணோக்கியின் முன் உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை.

குழாயைக் கழிவில் போடுமுன் ஒரு சொட்டு எடுத்து, அவர் தேய்ப்பதுபோல ஒரே இழுப்பில் ஸ்லைடு போட்டேன். பழைய இரத்தத்தில் அணுக்கள் உருக்குலைந்திருக்கும். அதைப் பார்த்து இனி ஒன்றும் சொல்ல முடியாது. சாயமேற்றிக் காயவைத்தேன். ஓரத்தில் அவர் பெயரை எழுதி, பக்கத்தில் வயதையும் எழுதினேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஸ்லைடு மட்டும்தான்.