அக்கா லீவில் நின்ற நாள்

ஞாயிற்றுக்கிழமை காலை, நல்லூரில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் அந்தக் கிழமைக்கான சேலைகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். அலுவலகச் சாரதி அண்ணை தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, மலர் அக்கா எங்களை விட்டுப் போட்டா. விடியப்புறம் நெஞ்சு நோகுதெண்டிருக்கிறா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முதலே முடிஞ்சுது."

நீர்வேலியில் அக்காவின் வீட்டு முற்றத்தில் நாங்கள் எல்லோரும் கூடினோம். என்னையும் ஏதாவது கதைக்கச் சொன்னார்கள். நான் தேநீர் கொடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை, அவரை அறிந்த உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் சிறிய கிளை அலுவலகம். வெளிநாட்டுத் தேவைக்கான பிறப்பு, திருமண, கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்து முத்திரை குத்திக் கொடுப்போம். மலர் அக்கா அங்கே அலுவலக உதவியாளர். கதவு திறப்பது, இலக்கத் துண்டு கொடுப்பது, தேநீர் போடுவது. கடதாசியில் அவருக்கிருந்த வேலை அவ்வளவுதான்.

ஆனால் எட்டு மணிக்கு முன்பே அவர் வாசலில் நின்று வருகிறவர்களின் கைகளைப் பார்ப்பார். பொலித்தீனுக்குள் மினுங்கும் சான்றிதழ் கண்ணில் பட்டால் விடமாட்டார். லமினேற் செய்த சான்றிதழில் முத்திரை குத்த முடியாது. எங்கள் சனமோ இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் முதலில் தூக்கியது சான்றிதழ்ப் பையைத்தான். நனையக்கூடாது, கிழியக்கூடாது என்று லமினேற் செய்து வைத்தார்கள். சண்டிலிப்பாயில் தோட்டம் செய்யும் என் அப்பாவும் அப்படித்தான். எங்கள் வீட்டின் முதல் பட்டச் சான்றிதழை நான் கொண்டுபோன அன்றே லமினேற் செய்துவிட்டார். அதைக் கேட்டு அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஒருநாள் மகளைக் கனடாவுக்குக் கட்டிக்கொடுக்கும் தகப்பன் ஒருவர் எல்லாவற்றையும் லமினேற் செய்துகொண்டு வந்தார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்னையா, பொம்பிளையையும் லமினேற் பண்ணித்தான் அனுப்பப் போறியளோ?" வரிசை முழுதும் சிரித்தது. பிறகு அவரைத் தனியே கூப்பிட்டு, இப்போதே பிரதேச செயலகத்துக்குப் போனால் மத்தியானத்துக்குள் புதுப் பிரதியோடு திரும்பலாம் என்று வழி சொல்லி அனுப்பினார். வரிசையில் நின்று பதினொரு மணிக்கு என் கவுண்டருக்கு வந்திருந்தால் அவருக்கு அந்த நாள் போயிருக்கும்.

போன வருடம் கொழும்பிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்தார்கள். ஒவ்வொரு கிளைக்கும் எவ்வளவு வேலை இருக்கிறது என்று மீளாய்வு செய்தார்கள். முதல் நாள் மணிக்கூட்டைப் பார்த்தபடி என் கவுண்டருக்குப் பின்னால் இருந்தார்கள். ஒருவருக்கு நான்கு நிமிடம்தான் போனது. எங்களுக்கு அது பெருமையாக இருந்தது. பின்னேரம்தான் விஷயம் தெரிந்தது. இவ்வளவு இலகுவான வேலைக்குக் கிழமையில் இரண்டு நாள் திறந்தால் போதும் என்று எழுதப் போகிறார்களாம். மற்ற நாட்களில் சனம் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டும்.

அந்த நான்கு நிமிடம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். என் கவுண்டர்க் கண்ணாடிக்கு நேரே வாசல். ஆனாலும் எழும்பிச் சொல்லத் துணிவில்லை. தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். போகும்போது, நாளைக்குச் சின்னம்மா செத்து எட்டாம் நாள், எட்டுச்செலவு, லீவு வேண்டும் என்றார்.

அடுத்த நாள் பத்து மணிக்கே வரிசை வீதிக்கு வந்துவிட்டது. லமினேற் செய்தவர்கள், மூலப்பிரதி இல்லாதவர்கள், கோபத்தில் கத்தியவர்கள். ஒருவருக்கு இருபது நிமிடம் போனது. தமிழ் தெரிந்த அதிகாரி அம்மா என் பக்கம் குனிந்து, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்.

"அக்கா இண்டைக்கு லீவு" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தினேன். அவ்வளவு நேரம் ஒரு அதிகாரியோடு நான் கதைத்தது அதுதான் முதல் தடவை. அவர் மீளாய்வுப் படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.

மறுநாள் அக்கா வந்ததும் கேட்ட முதல் கேள்வி, எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்பதுதான். ஏழு பேர் என்றேன். அவர்களின் தொலைபேசி இலக்கங்களை வாங்கி ஒவ்வொருவராக அழைத்து, என்ன கொண்டுவர வேண்டும் என்று சொன்னார். கடைசி அழைப்பு முடிந்த பிறகு என்னைப் பார்த்தார்.

"எட்டுச்செலவு போன கிழமையே முடிஞ்சுது, பிள்ளை. நேற்று வாழைக்குத் தண்ணி கட்டிக்கொண்டு நிண்டனான். நிண்டாலும் மனம் இங்கைதான்."

"எனக்காவது சொல்லியிருக்கலாமே, அக்கா."

"என்ரை வேலையை நானே சொல்ல ஏலுமே? நான் இல்லாட்டித்தானே தெரியும்."

கிளை ஐந்து நாளும் திறந்திருக்கிறது. வாசலில் அக்காவுக்கென்று ஒரு மேசையும் கதிரையும் போட்டார்கள். அவர் கதிரையில் இருந்ததை நான் காணவில்லை. அதில் வாழைப்பழச் சீப்பு இருக்கும்.

செத்தவீடு முடிந்து வேலைக்குப் போன அன்று, எட்டு மணிக்கு முன்பே நான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழும்பி வாசலுக்கு வந்தேன். வேட்டி கட்டிய ஒருவர் மினுங்கும் சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். மகளுக்குக் கலியாணமாம், மாப்பிள்ளை பிரான்ஸில். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

"என்னையா," என்றேன், "பொம்பிளையையும் லமினேற் பண்ணித்தான் அனுப்பப் போறியளோ?"

அவர் சிரித்தார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். பிரதேச செயலகத்துக்கு வழி சொன்னேன். அன்று வரிசை வீதிக்கு வரவில்லை.