பதினோரு வாசல் ஏறிய ஜெஜிகா

என் சித்தப்பா மகன் அக்லி பிரான்சு தேசத்து இரும்பாலையில் முப்பது வருடம் வெந்தவன். அவனுடைய மூன்றாவது பிள்ளை ஜெஜிகா. பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். இரண்டு நாட்டு பாஸ்போர்ட்டும் அவளிடம் உண்டு. கால் மட்டும் எங்கள் குடும்பத்து வாகு, கொக்குக்கால்.

பதினேழு வயதில் பிரான்சுக்காக உயரம் தாண்டினாள். இருபத்திரண்டில், இனி அல்ஜீரியாவுக்குத்தான் தாண்டுவேன் என்று எழுதிக் கொடுத்தாள். நாடு மாறினால் மூன்று வருடம் எந்த நாட்டுச் சட்டையும் போடக் கூடாது என்றார்கள். அந்த மூன்று வருடத்துக்குள்தான் ஏதோ ஒரு உள்ளூர்ப் போட்டியில் ஒரு மீட்டர் தொண்ணூற்றிரண்டு தாண்டினாள். அந்த உயரம் பிறகு அவளுக்கு வாய்க்கவே இல்லை.

அப்புறம் எட்டு வருடம் நம் அல்ஜீரியாவின் பச்சைச் சட்டை. துனிஸ், டக்கார், நைரோபி என்று அலைச்சல். இடது முழங்காலில் இரண்டு முறை கத்தி வைத்தார்கள். பிரான்சில் அவளை அரபுக்காரி என்பார்கள். ஆல்ஜியர்ஸில் பிரான்சுக்காரி. எங்கள் மலைக் கிராமத்தில்தான் அவள் அக்லி மகள்.

முப்பத்து மூன்று வயதில், ஏப்ரல் மாதம், ஆல்ஜியர்ஸில் தேர்வுப் போட்டி. ஒன்று எண்பத்து நான்கு தாண்டினால் ஆப்பிரிக்கப் போட்டிக்குப் போகலாம். இல்லாவிட்டால் இதோடு சரி என்று பயிற்சியாளர் நதீர் சொல்லிவிட்டார்.

அதற்கு இரண்டு நாள் முன்பு அக்லியின் அக்கா ஃபெரூஜாவின் கணவருக்கு நாற்பதாம் நாள். அத்தையிடம் துக்கம் கேட்டுவிட்டு உடனே திரும்புவதாகத்தான் வந்தாள். நான்தான் பஸ் நிற்குமிடத்தில் நின்று கூட்டிவந்தேன். ஏறும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. திருப்பத்தில் எங்கள் வம்சத்து வார்தியா தன் வாசலில் நின்றிருந்தாள்.

"ஏ அக்லி மகளே! என் வாசலைத் தாண்டிப் போற அளவுக்கு நான் செத்தா போயிட்டேன்?"

"போட்டி இருக்கு பெரியம்மா. முழங்காலுக்கு ஓய்வு வேணும்."

"ஒரு வாய் காபி குடிச்சா முழங்காலா தேஞ்சிரும்? வாடீ உள்ள."

குடித்தாள். அதுதான் தப்பு. துக்கம் கேட்க வந்தவள் துக்க வீட்டோடு திரும்பினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வேறொரு வீட்டில் வாய் நனைத்துவிட்டால் வம்சத்துப் பதினோரு வீட்டிலும் நனைக்க வேண்டும். விட்டுப்போன வீடு பேச்சை அறுத்துவிடும். அவளுக்கும் அது தெரியும். கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னும் எத்தனை வீடு பெரியப்பா?"

"பத்து."

"வரிசையைச் சொல்லுங்க."

சொன்னேன். மூத்தவர் வீடு முதலில், துக்க வீடு கடைசியில். எங்கள் ஊரில் ஒரு வீட்டின் தலையில்தான் அடுத்த வீடு உட்கார்ந்திருக்கும். படி இல்லாத இடத்தில் பாறை. மழையில் அதுவும் வழுக்கும். ஒரு வீட்டில் கோதுமை ரவை குஸ்குஸும் உப்புக்கண்டமும், அடுத்த வீட்டில் எண்ணெயில் தோய்த்த ரொட்டி. போகிற இடமெல்லாம் வாய்த்துடுக்கு.

"இந்த எலும்புக்கூட்டை எவன்டீ கட்டுவான்?" என்றாள் ஒரு வீட்டுக் கிழவி.

"குதிக்கிறதுக்கு ஏதாச்சும் தர்றாங்களா, இல்ல வெள்ளாடு மாதிரி சும்மாதானா?" என்றார் இன்னொரு வீட்டுக்காரர்.

"வெள்ளாட்டுக்காவது தழை போடுவாங்க மாமா" என்று சிரித்தாள்.

ஏழாவது வீட்டிலிருந்து உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினாள். ஒன்பதாவதில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் ஃபெரூஜா அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் துக்கத்தையே மறந்தாள்.

"நெருப்பா கொதிக்குதே. இதை வச்சுக்கிட்டா இத்தனை வாசல் ஏறுன?"

"உன் தம்பி மகளை எல்லாரும் பார்க்க வேணாமா அத்தை?"

ஆல்ஜியர்ஸுக்கு நானும் கூடப் போனேன். ஒன்று எழுபத்தைந்தைத் தாண்டினாள். ஒன்று எண்பதை மூன்றாவது முயற்சியில்தான் தாண்டினாள். ஒன்று எண்பத்து நான்கில் முதல் தடவை இடுப்பு பட்டுக் கம்பி விழுந்தது. இரண்டாவது தடவை குதிகால். மூன்றாவது தடவை வளைந்து ஓடிவந்து இடதுகாலை ஊன்றினாள். கால் அவளை மேலே தூக்கவில்லை. கம்பிக்கு அடியிலேயே புகுந்து மெத்தையில் விழுந்தாள். சிவப்புக் கொடி உயர்ந்தது.

நதீர் வந்து குனிந்து பார்த்தார். "போன வாரம் நல்லாத்தான இருந்துச்சு. எங்க போன?"

"ஊருக்கு."

"ஊருக்குப் போனா கால் வீங்குமா?"

அவர் கை குலுக்கிவிட்டு அடுத்த பெண்ணைப் பார்க்கப் போய்விட்டார்.

சுவரோரம் உட்கார்ந்தவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். "என் தப்பும்மா. உனக்குக் காய்ச்சல்னு நான் சொல்லியிருந்தா ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க."

"கேட்டிருக்க மாட்டாங்க. 'பிரான்சுக்காரி வந்தா, போனா'ன்னு விட்டிருப்பாங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே சொல்ல மாட்டாங்கள்ல?"

"எங்க வாயை யாரும்மா கட்டுறது" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

அவள் பச்சைச் சட்டையின் நுனியை இழுத்துப் பார்த்தாள். பிறகு, "இந்தச் சட்டையைத் திருப்பிக் குடுக்கணுமான்னு கேட்டுட்டு வாங்க பெரியப்பா. என்னால எந்திரிக்க முடியல" என்றாள்.

போய்க் கேட்டேன். வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். அதைச் சொல்லத் திரும்பி வந்தபோது, ஆணி வைத்த ஷூவைக்கூடக் கழற்றாமல், சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள்.