சங்கு கொடுத்த சுதி

எங்கள் அத்தைக்கு வாரத்தில் ஆறு நாள் எஸ்டேட் பிள்ளை மடுவத்தில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் விட்டுப்போகிற கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை அவர்தான் சர்ச்சில் கொயர் மாஸ்டர். கொயரில் ஒருவருக்கும் நோட்டேஷன் தெரியாது. அத்தை ஒவ்வொரு குரலையும் தானே பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். டெனர் பாடும் ஜீப் டிரைவர் மாமா அரவேணு போய்த் திரும்புவதற்குள் தன் பங்கை மனப்பாடம் செய்திருப்பார். ஒத்திகையில் சுதி ஒரு நூல் விலகினாலும் அத்தை நிறுத்திவிடுவார். யாராக இருந்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். அப்படி ஒரு காதை நான் இன்றுவரை வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் எங்கள் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் சரணத்தை ஒரு பிள்ளை வாசலில் நின்று, எந்த வாத்தியமும் இல்லாமல் தனியாகப் பாட வேண்டும். இரண்டாவது சரணத்தில் கீபோர்டும் கொயரும் சேர்ந்துகொள்ள, எல்லோரும் உள்ளே நடப்பார்கள். எனக்கு ஒன்பது வயதானபோது அத்தை அந்தச் சரணத்தை எனக்குக் கொடுத்தார்.

"அண்ணன் மகளாச்சே, குடுக்காம இருப்பாங்களா" என்று சபைச் செயலாளர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"நல்லாப் பாடறா, அதனாலங்க" என்றார் அத்தை. ஆக, நான் சொதப்பினால் அத்தையின் வார்த்தைக்கு மதிப்பில்லை. எனக்கோ துளி பயம் கிடையாது, அவ்வளவு தலைக்கனம்.

அன்று மாலை அத்தை என் காதருகே முனகிச் சுதி கொடுத்துவிட்டு, முன்னால் கீபோர்டுக்குப் போனார். அவர் உட்காரவும் டீ ஃபேக்டரியில் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. அது நீளமாக ஊதி ஓய்ந்தது. அத்தை கொடுத்த சுதி போயே போச்சு. அதுதான் அத்தை கொடுத்தது என்ற நினைப்பில், சங்கின் சுதியைப் பிடித்துக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தேன்.

அப்பா செல்போனில் எடுத்த வீடியோ இன்னும் இருக்கிறது. என் முதல் வரியிலேயே அத்தை தலை நிமிர்கிறார். சுதியை மேலே ஏற்றும் பொத்தானை மூன்று தட்டுத் தட்டுகிறார். இரண்டாவது சரணத்தில் கீபோர்டு என்னோடு அச்சாகப் பொருந்துகிறது. பாவம், கொயர்தான் மாட்டிக்கொண்டது. டிரைவர் மாமாவின் கழுத்து நரம்பு புடைக்கிறது. சோப்ரானோ அக்காக்கள் எம்பி எம்பிப் பார்த்துவிட்டு வாயை மட்டும் அசைக்கிறார்கள். நான் மட்டும் ராஜநடை நடக்கிறேன்.

ஆராதனை முடிந்ததும் செயலாளர் வந்தார். "ஏனுங்க, புள்ள நல்லாத்தான் பாடுச்சு. கொயர் ஏனுங்க இப்படிக் கத்துச்சு?"

"நாந்தானுங்க கீபோர்டுல தப்பா அமுக்கிட்டேன்" என்றார் அத்தை, அத்தனை பேர் முன்னாலும். கொயரில் எல்லோருக்கும் நடந்தது தெரியும். டிரைவர் மாமா வெந்நீர் மட்டும் கேட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மூன்று மாதம் எங்களை அந்தப் பாடு படுத்திவிட்டு, கடைசியில் அத்தையே இப்படிச் செய்துவிட்டாரே. வீட்டுக்கு இறங்கும் வழியில் சமாதானம் சொன்னேன்.

"விடுங்கத்தை, தப்பு எல்லாருக்கும் வரும். அடுத்த வருசம் பாத்து அமுக்குங்க."

"சரிங்க அம்மணி" என்றார் அத்தை.

அவரை மன்னித்துவிட்ட பெருமையோடு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.