சர்வே நம்பர் எழுதிய பை

இன்னைக்கு நரிக்குடியிலிருந்து அருப்புக்கோட்டை பஸ்ஸில் வரும்போது என் மடியில் மூணு மண் பை.

மண்சுவர் வீடு கட்டுறதும், அதைக் காலேஜில் சொல்லிக்கொடுக்கிறதும்தான் என் வேலை. எந்த மண் சுவருக்கு நிக்கும்னு சோதிக்க, ரோட்டோரத் தரிசுகளில் காலையில் அள்ளினது. மறந்துடக் கூடாதுன்னு பையில் ஊர் பேரும் சர்வே நம்பரும் எழுதியிருந்தேன்.

பக்கத்து சீட்டு அக்கா அதையே பார்த்துக்கிட்டு வந்தாங்க.

"இது எங்க பட்டா நம்பராச்சே. எதுக்கு எடுத்துட்டுப் போறீக?"

"வீடு கட்ட மண்ணு டெஸ்ட் பண்ணத்தான், அக்கா."

"யாரு வீடு?"

நான் வாயைத் திறக்குறதுக்குள் முன்சீட்டு அண்ணன் எந்திரிச்சுத் திரும்பினார். "மொத இப்படித்தான் மண்ணு எடுத்துட்டுப் போவாக. பெறகு நெலத்தை எடுக்கப்போறோம்னு நோட்டீஸு வரும்."

கண்டக்டரும் டிக்கெட் கிழிக்காமல் என்னையே பார்த்தார்.

காலேஜ் அடையாள அட்டையை நீட்டினேன். அக்கா வாங்கவே இல்லை.

"நீங்க யாருன்னு கேக்கல. எங்ககிட்டக் கேட்டுட்டு எடுத்தீகளா?"

"கேக்கலக்கா."

அந்த ஒரு பையை மட்டும் என் மடியிலிருந்து எடுத்துத் தன் கூடையில் வச்சுக்கிட்டு, திருச்சுழியில் இறங்கிப் போயிட்டாங்க. அருப்புக்கோட்டை வரை ஒருத்தரும் பக்கத்தில் உட்காரலை.

நாளைக்கு முதல் பீரியடு பாடத்துக்கு நான் வச்ச தலைப்பு, 'மண்ணைக் கேட்டுக் கட்டு'.

மிச்ச ரெண்டு பையின் நம்பரும் போட்டோவில் இருக்கு. உங்க நிலம்னா கமெண்டில் திட்டிட்டுச் சொல்லுங்க. நேரில் கேக்க வாரேன்.